டெய்சி இராசம்மா முதல் ருக்மணிதேவி வரை: சிங்களத் திரையின் முதல் நாயகி

1947 ஆம் ஆண்டு சனவரி 21 ஆம் நாள் கொழும்பு கிங்ஸ்லி படமாளிகையிலே ‘கடவுணு பொரொந்துவ’ என்னும் திரைப்படம் முதன்முறையாகக் காட்டப்பெற்றது. ‘முறிந்த வாக்குறுதி’ எனத் தமிழிற் பொருள்படும் அப்படமே சிங்களம் பேசிய முதற் படமாகும். அதனைத் தயாரித்தவர் தென்னிந்தியத் தமிழரான எஸ். எம். நாயகம், நெறிப்படுத்தியவர் வங்காளியரான ஜோதிஷ் சிங், படம் பிடிக்கப்பட்ட இடம் மதுரையிலிருந்த சித்திரகலா மூவிடோன் கலையகம். படத்தின் நாயகியாகத் தோன்றிப் பாடி நடித்த இளம்பெண்ணை அன்றிரவு முதல் சிங்கள மக்கள் ருக்மணிதேவி என்னும் பெயராலேயே அறிந்தனர். அவருடைய பெற்றோர் அவருக்கு இட்ட பெயர் டெய்சி இராசம்மா டானியல்ஸ் என்பதாகும்.

ஒரு மொழியின் முதற் பேசும்படம் அம்மொழிக்குரியோரின் பெருமிதத்துக்குரிய பொருளாக அமைதல் இயல்பு. அப்பெருமிதத்தின் நடுவே நின்ற நாயகி பிறப்பால் அம்மொழிக்குரியவரல்லர் என்பதும், பிற்காலத்திலே மொழியும் இனமும் இந்நாட்டின் அரசியலை அலைக்கழித்த ஆண்டுகளிலும் அவர் மீது மக்கள் கொண்ட அன்பு குன்றவில்லை என்பதும் ஆராயத்தக்கன. சிங்களச் சினிமா வரலாறெழுதியோர் ருக்மணிதேவிக்கு உயரிய இடமொன்றை அளித்துள்ளனர்; ஆயின் இராசம்மாவை ஒரு வரியிலே கடந்து செல்வர். ஈழத்துத் தமிழர் கலை வரலாறெழுதியோரோ பெரும்பாலும் இருவரையுமே கடந்து சென்றுவிட்டனர். இவ்விரு மௌனங்களில் இரண்டாவதே கூடுதலாக வருந்தத்தக்கது.

அவருடைய வரலாற்றை விளங்கிக்கொள்வதற்கு அவருக்கு முன்பிருந்த நிலையைச் சிறிது நோக்குதல் வேண்டும். இலங்கையிலே திரைப்படம் நெடுங்காலமாக இறக்குமதிப் பொருளாகவே இருந்தது. 1925 ஆம் ஆண்டிலே நூர்பாய் என்பார் தயாரித்த ‘இராஜகீய விக்கிரமய’ என்னும் ஊமைப்படமே இந்நாட்டில் எழுந்த முதல் முயற்சி. பின்னாளிலே இடதுசாரித் தலைவராகப் புகழ்பெற்ற கலாநிதி என். எம். பெரேரா அதிலே கதாநாயகனாக நடித்தார் என்பது பலர் அறியாத செய்தி. இலங்கையிலே காட்டப்படுவதற்கு முன்னரே அப்படத்தின் பிரதி தீக்கிரையாயிற்று. அதன்பின் ஏறத்தாழ இருபதாண்டுகள் அமெரிக்கப் படங்களும் இந்திப் படங்களும் தமிழ்ப் படங்களுமே திரையை ஆண்டன. 1928 இலே சிலோன் தியேட்டர்ஸ் நிறுவனத்தைத் தொடங்கிய சிற்றம்பலம் ஏ. கார்டினர் யாழ்ப்பாணத் தமிழர். படமாளிகைகளைத் தொடர் தொடராக அமைத்து, படங்களைத் தருவித்து, ஊரூராக அனுப்பும் முறைமையை ஒழுங்குபட நிலைநிறுத்தியவர் அவரே. 1931 இலே ‘காளிதாஸ்’ வெளிவந்து டி. பி. இராஜலக்ஷ்மி தமிழ்த்திரையின் முதல் நாயகியானார். அதன் பின்னர் யாழ்ப்பாணம், திருகோணமலை, மட்டக்களப்பு முதலிய நகரங்களின் படமாளிகைகள் மட்டுமன்றித் தென்னிலங்கைப் படமாளிகைகளும் தமிழ்ப் படங்களால் வளம்பெற்றன. தமிழ் அறியாத சிங்கள இரசிகரும் தமிழ்ப் படப் பாடல்களை முணுமுணுத்துத் திரிந்த காலம் அது.

திரைக்கு வெளியே சிங்கள மக்களிடம் மேடையொன்று இருந்தது. 19 ஆம் நூற்றாண்டின் இறுதியிலே இலங்கைக்கு வந்த பார்சி நாடகக் குழுக்களின் செல்வாக்கினால் ‘நூர்த்தி’ என்னும் இசைநாடக மரபு தோன்றிற்று. ஜோன் டி சில்வா அதனைச் சிங்கள நாட்டுணர்வின் கருவியாக வளர்த்தார். 1911 இலே மருதானையில் எழுந்த டவர் மண்டபம் அதற்கு நிலையான இல்லமாயிற்று. கதை சிங்களருடையதாயினும் மெட்டு வட இந்தியருடையது. தமிழகத்திலே சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்களுக்கும் கம்பெனி நாடகங்களுக்கும் இம்மரபு தூரத்து உறவு பூண்டது. 1926 இலே எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் சந்தித்து இணைந்து நடிக்கத் தொடங்கியதும் இலங்கை மண்ணிலேயே என்பதை இங்கு நினைவுகூரலாம். பாடத் தெரிந்தவரே நடிக்கலாம் என்பது இம்மேடைகளுக்கெல்லாம் பொதுவான சட்டம். பெண்கள் மேடையேறுதல் இழிவெனக் கருதப்பட்டமையும் அவற்றுக்குப் பொதுவானதே.

இராசம்மா 1923 ஆம் ஆண்டு சனவரி 15 ஆம் நாள் நுவரெலியாவை அடுத்த றம்பொடையிலே பிறந்தார். தந்தையார் ஜோன் டானியல்ஸ் தோட்டத்துறையிலே தொழில் பார்த்தவர்; தாயார் ஆசிரியை. குடும்பம் கொழும்புச் செட்டி சமூகத்தைச் சேர்ந்தது. இச்சமூகத்தைப் பற்றி இங்கு சிறிது கூறுதல் பொருத்தமாகும். தென்னிந்தியாவிலிருந்து வாணிகத்தின் பொருட்டு வந்து கொழும்பிலும் மேற்குக் கரையிலும் குடியேறிய செட்டிமார், போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் ஆட்சிகளிலே கிறித்தவராகிக் காலப்போக்கில் ஒரு தனிச்சமூகமாயினர். ‘தமிழ் புளூராக்’ என்னும் நூலை 1859 இலே வெளியிட்டுத் தமிழ்ப் புலவர் வரலாற்றை ஆங்கிலத்தில் முதன்முதல் தொகுத்தளித்த சைமன் காசிச்செட்டி இச்சமூகத்தவரே. தமிழோடு அவர்களுக்கிருந்த பிணைப்பு இடத்துக்கிடம் வேறுபட்டது. சிலர் வீட்டிலே தமிழ் நிலைத்தது. சிலர் ஆங்கிலத்துக்கும் சிங்களத்துக்கும் மாறினர். பின்னாளிலே குடிசன மதிப்பீட்டில் இவர்கள் தமிழரினின்று வேறான பிரிவினராகவே கணிக்கப்படலாயினர். ஆகவே ருக்மணிதேவியைத் ‘தமிழ்ப் பெண்’ என ஒரே சொல்லில் உரிமை கொண்டாடுதல் அவசரமான செயலாகும். அவர் பிறந்த சமூகம் இரு மொழிகளுக்கிடையே நின்றது. இராசம்மா என்ற பெயரைச் சூட்டிய வீட்டிலே தமிழின் வாசனை இருந்தது என்ற அளவிலே நின்றுகொள்ளுதல் நேர்மையாகும்.

குடும்பம் கொழும்புக்குப் பெயர்ந்து வந்தமையின் இராசம்மாவின் கல்வி அங்குள்ள கிறித்தவப் பாடசாலைகளிலே அமைந்தது. சிறு வயதிலேயே பாடசாலையின் கிறிஸ்துமஸ் நாடகமொன்றிலே தோன்றி நடிப்புத் திறனைக் காட்டினார். பன்னிரண்டு, பதின்மூன்று வயதளவிலே வோல்டர் அபேசிங்க மேடையேற்றிய ‘இராமாயணய’ என்னும் நாடகத்திலே சீதையாக நடித்தார். கிறித்தவக் குடும்பத்துச் சிறுமி, சிங்கள மொழியிலே, இந்து இதிகாசத்தின் நாயகியாக, பௌத்தர் பெரும்பான்மையினராயிருந்த அவையின்முன் நின்றாள் என்பதை எண்ணிப் பார்க்கையில் அக்காலக் கொழும்பின் கலையுலகம் எத்தகையது என்பது புலனாகும். மேடைக்கென அவர் ஏற்ற பெயரும் அவ்வுலகத்துக்கு இயைந்ததே. டெய்சி என்பது ஆங்கிலம். இராசம்மா என்பது தமிழ். ருக்மணிதேவி என்பதோ வடமொழி. சிங்களவரும் தமிழரும் இந்தியரும் ஒருங்கே தமதெனக் கொள்ளத்தக்க பெயர் அது.

1930 களின் பிற்பகுதியிலே எச். டபிள்யூ. ரூபசிங்கவுடன் இணைந்து அவர் பாடிய ‘சிரி புத்தகயா விஹாரே’ என்ற பாடல் இசைத்தட்டாக வெளிவந்தது. புத்தகயையின் புகழ் பாடும் பௌத்த பக்திப் பாடல் அது. கிறித்தவப் பெண்ணொருத்தியின் குரலிலே அப்பாடல் ஒலித்தமை அக்காலத்திலே எவரையும் உறுத்தியதாகத் தெரியவில்லை. இத்தகைய கலப்பு அவரோடு நின்றதுமன்று. தமிழகத்துச் சேலத்திலே பிறந்து இளவயதில் இலங்கைக்கு வந்த மொஹிதீன் பேக், இசுலாமியராயிருந்தும் சிங்கள பௌத்த பக்திப் பாடல்களுக்கு நிகரற்ற குரலாக விளங்கினார். பிற்காலத்திலே ருக்மணிதேவியும் பேக்கும் இணைந்து பாடிய பாடல்கள் பல. சிங்கள இசையின் செவ்விய காலமெனப் பலராற் போற்றப்படும் அக்காலத்தின் முதன்மைக் குரல்களில் இரண்டு பிறப்பாற் சிங்களவருடையன அல்ல என்பது அவ்விசையின் குறையன்று, அதன் விரிவு.

நீர்கொழும்பிலே பி. ஏ. டபிள்யூ. ஜயமான்ன நிறுவிய மினர்வா நாடகக் குழு நூர்த்தியின் புராண அரசர்களை விடுத்துச் சமகாலக் குடும்பக் கதைகளை மேடையேற்றி மக்களைக் கவர்ந்து வந்தது. சாதி, சீதனம், ஏமாற்றப்பட்ட பெண், சொத்துக்குச் சூழ்ச்சி செய்யும் உறவினர், இடையிடையே வேலைக்காரனின் நகைச்சுவை என்பன அந்நாடகங்களின் உட்பொருள். நெறியாளரின் தம்பி எடி ஜயமான்ன அந்நகைச்சுவைப் பாத்திரங்களால் நாடறிந்தவர். ருக்மணிதேவி இக்குழுவிலே சேர்ந்தார். குடும்பத்தாரின் எதிர்ப்பையும் மீறி எடியை மணந்தார். மேடையேறும் பெண்ணுக்குச் சமூகம் விதிக்கும் விலையை அவர் இளமையிலேயே செலுத்தினார் என்பது இதனாற் பெறப்படும். அதன்பின் நீர்கொழும்பே அவருடைய ஊராயிற்று.

இரண்டாம் உலகப்போர் இலங்கைக்கு வந்ததும் இக்காலத்திலேயே. 1942 ஏப்பிரல் 5 ஆம் நாள் யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. நான்கு நாட்களின் பின்னர், 9 ஆம் நாள், திருகோணமலைத் துறைமுகம் தாக்குண்டது. போரின் பின்விளைவாக ஒரு புறத்திலே படைவீரர் பெருகினர், பணம் புழங்கிற்று, பொழுதுபோக்குக்கு மக்கள் ஏங்கினர். மறு புறத்திலே இந்தியாவிலே படச்சுருளுக்குக் கட்டுப்பாடு வந்தது. 1944 இலே வெளியான தியாகராஜ பாகவதரின் ‘ஹரிதாஸ்’ மூன்று தீபாவளிகளைக் கண்ட செய்தி எல்லாருமறிந்தது. ஒரே படம் அவ்வளவு பணத்தை ஈட்டித்தரக் கூடுமாயின், தாய்மொழியில் ஒரு படமேனும் காணாத சிங்கள இரசிகரிடம் சிங்களப் படமொன்றைக் கொண்டு செல்லுதல் எத்துணை இலாபகரமானதாகும் என வணிகர் எண்ணத் தலைப்பட்டதிலே வியப்பில்லை.

அவ்வாறு எண்ணிச் செயற்பட்டவர் எஸ். எம். நாயகம். கதைக்கும் நடிகருக்கும் அவர் அலைய வேண்டியிருக்கவில்லை. மினர்வா குழுவின் ‘கடவுணு பொரொந்துவ’ ஏற்கெனவே மேடையிலே வெற்றி பெற்றிருந்தது. நடிகர்கள் வசனத்தையும் பாட்டையும் மனனஞ் செய்திருந்தனர். எனவே நாடகத்தையும் நடிகரையும் ஒருசேரக் கடல் கடந்து மதுரைக்குக் கொண்டு சென்று படமாக்குதல் எளிதாயிற்று. சிங்களம் அறியாத நெறியாளர், சிங்களம் அறியாத ஒளிப்பதிவாளர், சிங்களம் அறியாத ஒலிப்பதிவாளர் ஆகியோர் நடுவே மினர்வா நடிகர் தம் மேடை நாடகத்தை மீண்டும் நடித்தனர் என்றே கூற வேண்டும். இசையமைப்புக்கும் தென்னிந்தியரே பொறுப்பேற்றனர்.

இச்சூழ்நிலையிலே ருக்மணிதேவி செய்தது யாது என்பதே கேள்வி. மற்றையோர் பலர் மேடையின் உரத்த குரலையும் விரிந்த கையசைவையும் அப்படியே ஒளிப்படக் கருவியின் முன் கொண்டுவந்து வைத்தனர். ருக்மணிதேவியும் மேடையில் வளர்ந்தவரே. அவர் நடிப்பிலும் மிகை இல்லாமலில்லை. எனினும் அவரிடம் இசைத்தட்டிலே பயின்ற அநுபவமொன்று இருந்தது. ஒலிவாங்கியின்முன் குரலைத் தாழ்த்தியும் எழுத்துகளைத் தெளிவுபடப் பிரித்தும் பாடுதல் எவ்வாறு என்பதை அவர் அறிந்திருந்தார். அருகிருப்பவரிடம் பேசுவது போலப் பாடும் இப்பண்பே சிங்களத் திரைக்கு அவர் அளித்த முதற்கொடை எனக் கருதலாம். தாய்மொழி சிங்களமல்லாத ஒருவர் சிங்கள உச்சரிப்பிலே காட்டிய அத்தெளிவு, மொழியைக் காதாற் கேட்டுக் கற்றவரின் கவனத்தினின்று பிறந்திருத்தல் கூடும். தமிழிலே பிறமொழியாளரான பாடகர் பலரிடமும் இதனையொத்த கவனத்தை அவதானிக்கலாம்.

படம் பெற்ற வெற்றி பெரிது. ஒரு மொழி திரையிலே பேசியதைக் கேட்ட மகிழ்ச்சியே அதற்கு முதற் காரணம். அதே ஆண்டிலே கோயம்புத்தூரிலே எடுக்கப்பட்ட ‘அசோகமாலா’ வெளிவந்தது. தொடர்ந்து பி. ஏ. டபிள்யூ. ஜயமான்னவின் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1948 இலே ‘கபடி ஆரக்‌ஷகயா’, 1950 இலே ‘ஹதிசி வினிச்சய’, 1951 இலே ‘சங்கவுணு பிளிதுர’, 1952 இலே ‘உமது விஸ்வாசய’, 1953 இலே டபிள்யூ. ஏ. சில்வாவின் நாவலைத் தழுவிய ‘கெலே ஹந்த’ என அவ்வரிசை நீளும். பெரும்பாலானவற்றில் நாயகி ருக்மணிதேவியே. நகைச்சுவைக்கு எடி ஜயமான்ன. நாயகன் மாறுவான், நாயகி மாறாள் என்ற நிலை வேறெந்தச் சினிமாவிலும் எளிதிற் காணப்படாதது. இலங்கை வானொலியும் இசைத்தட்டுகளும் அவர் குரலைப் படமாளிகை இல்லாத சிற்றூர்களுக்கும் எடுத்துச் சென்றன.

இப்படங்களின் தரத்தைப் பற்றி மயக்கம் வேண்டியதில்லை. அவற்றுட் பல சாதாரணமானவை. கதையோட்டம் மேடையினின்று விடுபடவில்லை. பாடல்களுக்கு இந்தி, தமிழ் மெட்டுகள் தாராளமாக எடுத்தாளப்பட்டன. கலையகத்துத் திரைச்சீலை வீடுகளும் அட்டை மரங்களும் இலங்கைக் கிராமமாக நின்றன. தென்னிந்தியப் படங்களின் நிழல் எனச் சிங்கள விமரிசகர் இவற்றைக் கண்டித்தமை நியாயமற்றதன்று. ஆயினும் அக்கண்டனத்திலே இரண்டு வேறு குரல்கள் கலந்திருந்தன என்பதைப் பிரித்தறிதல் வேண்டும். கலை பொய்யாயிருக்கின்றது என்பது ஒரு குரல். கலை அந்நியரால் செய்யப்படுகின்றது என்பது மற்றொரு குரல். முதலாவது கலை விமரிசனம். இரண்டாவது, 1950 களிலே நாடெங்கும் வளர்ந்துகொண்டிருந்த வேறொரு உணர்வின் எதிரொலி. மினர்வா படங்களின் பொய்ம்மைக்குக் காரணம் அவற்றைப் படம் பிடித்தவர் தமிழராயிருந்தமையன்று. நாடகத்தைத் திரையிலே நகலெடுத்தால் சினிமாவாகிவிடும் என்ற நம்பிக்கையே காரணம். அந்நம்பிக்கை நீர்கொழும்பிலும் இருந்தது, சேலத்திலும் இருந்தது.

1956 ஆம் ஆண்டு இருவகையிலும் திருப்பமாயிற்று. அவ்வாண்டு யூன் மாதத்திலே சிங்களம் மட்டும் அரச கரும மொழியெனச் சட்டம் நிறைவேறிற்று. அவ்வாண்டின் இறுதியிலே லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் ‘ரேகாவ’ வெளிவந்தது. கலையகத்தை விட்டு வெளியேறிக் கிராமத்தின் வெயிலிலும் மண்ணிலும் எடுக்கப்பட்ட அப்படத்துக்குச் சுனில் சாந்த இசையமைத்தார்; இரவல் மெட்டுக்கு அங்கே இடமிருக்கவில்லை. வசூலிலே அது வெற்றி பெறவில்லையாயினும் மினர்வா பாணியின் முடிவை அது முன்னறிவித்தது. இவ்விரு நிகழ்ச்சிகளையும் காரண காரியமாகத் தொடர்புபடுத்துதல் தவறு. லெஸ்டர் கத்தோலிக்கர், ஆங்கிலக் கல்வி பெற்றவர். குறுகிய இனவாதம் அவரைத் தீண்டவில்லை. ஆனால் ‘சுதேசக் கலை’ என்ற வேட்கை இரண்டுக்கும் பின்புலத்திலே நின்றது. அவ்வேட்கை உயர்ந்தோரிடத்திலே கலையையும் தாழ்ந்தோரிடத்திலே பகைமையையும் விளைவித்தது.

1962 இலே வெளியான ‘ரன்முத்து தூவ’ சிங்களத்தின் முதல் வண்ணப்படமாகும். ஆர்தர் சி. கிளார்க்கின் தோழரான மைக் வில்சன் அதனை நெறிப்படுத்தினார். காமினி பொன்சேகா நடித்தார். அதன் புகழ்பெற்ற கடலடிக் காட்சிகள் திருகோணமலைக் கடலிலே எடுக்கப்பட்டவை. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னர், 1956 இலே, அதே வில்சன் சுவாமி மலையின் அடிவாரக் கடலிலே மூழ்கி, 17 ஆம் நூற்றாண்டிலே போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்ட திருக்கோணேச்சரத்தின் தூண்களையும் சிதைவுகளையும் கண்டறிந்தார். புதையலைத் தேடும் கதையொன்றை எழுத அவரைத் தூண்டிய கடல் அதுவே. பின்னாளில் அவர் துறவு பூண்டு சுவாமி சிவகல்கி எனப் பெயர் கொண்டார். மதுரையின் கலையகத்திலே தொடங்கிய சிங்களத் திரை பதினைந்தாண்டுகளிலே திருகோணமலையின் திறந்த கடலுக்கு வந்து சேர்ந்துவிட்டது. அங்கும் அதன் அடியிலே கிடந்தது தமிழரின் கோயில். ஈழத்துத் தமிழ்ச் சினிமாவோ, ‘சமுதாயம்’, ‘தோட்டக்காரி’ என 1960 களின் தொடக்கத்திலேதான் முதலடி எடுத்து வைத்தது. படமாளிகைகளையும் விநியோகத்தையும் கலையகங்களையும் நடத்திய தமிழர், தம் மொழியிலே படமெடுப்பதற்குத் தயங்கியமைக்குத் தமிழகப் படங்களின் போட்டியே பெருங்காரணம்.

புதிய திரையிலே ருக்மணிதேவிக்கு நாயகியாக இடமிருக்கவில்லை. வயது நாற்பதை அண்மித்திருந்தது. பின்னணிப் பாடகியர் வேறாகவும் நடிகையர் வேறாகவும் பிரிந்த பின்னர், பாடி நடிக்கும் ஆற்றல் தனிச்சிறப்பாகக் கருதப்படவில்லை. சினிமாவிலே அவர் தாய், மாமி முதலிய துணைப்பாத்திரங்களுக்குப் பெயர்ந்தார். 1963 இலே வந்த ‘மங்கலிக்கா’ பழைய குழுவின் பிற்காலப் படங்களில் ஒன்று. வருமானத்தின் பொருட்டு அவர் பெரிதும் நம்பியிருந்தது ஊரூராக நிகழ்ந்த இசைநிகழ்ச்சிகளையே. ஒரு காலத்தில் திரையைக் காணக் கூட்டமாய்த் திரண்ட அதே மக்கள், திறந்த வெளி மேடைகளிலே அவருடைய பழைய பாடல்களைக் கேட்டுக் கரகோஷஞ் செய்தனர். அவர் குரலுக்கு முதுமை மெல்லவே வந்தது.

1978 ஆம் ஆண்டு ஒற்றோபர் 28 ஆம் நாள், மாத்தறையிலே இசைநிகழ்ச்சியொன்றிற் பாடிவிட்டு நீர்கொழும்புக்குத் திரும்பும் வழியிலே ஜாஎலவை அடுத்த துடெல்லவில் நேர்ந்த வாகன விபத்திலே அவர் உயிர் துறந்தார். அப்போது அவருக்கு வயது 55. இறுதி ஊர்வலத்துக்குத் திரண்ட மக்கள் கூட்டம் நீர்கொழும்பு நகரம் அதுவரை காணாதது என்பர். முப்பதாண்டுகள் உச்சத்திலிருந்து இறங்கி வந்த கலைஞர் ஒருவர், ஐம்பத்தைந்தாவது வயதிலும் இரவு முழுதும் பயணஞ் செய்து பாடிப் பிழைக்க வேண்டியிருந்தது என்பதை அவ்வஞ்சலிகளுக்கிடையே எண்ணிப் பார்த்தோர் எத்துணைப் பேர் என்பது தெரியவில்லை. நட்சத்திரங்களைப் போற்றிய படத்தொழில் அவர்களுக்கு ஓய்வூதியம் எதனையும் ஏற்படுத்தவில்லை. 1972 இலே அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. அதன் கவனம் விநியோகத்திலும் இறக்குமதியிலும் நின்றது.

பிறப்பொன்று, மொழி வேறொன்று என்ற நிலை ருக்மணிதேவிக்கு மட்டும் உரியதன்று. அவரது சமகாலத்தவரான லீ ஷியாங்லான் என்ற சீனத் திரையின் நாயகியை ஒப்புநோக்கலாம். 1920 இலே மஞ்சூரியாவிலே யப்பானியப் பெற்றோருக்குப் பிறந்த அவருடைய இயற்பெயர் யாமகுச்சி யோஷிகோ. சீனமொழியிலே பிழையின்றிப் பேசவும் பாடவும் வல்லவராயிருந்தமையால், யப்பானியர் ஆதிக்கத்திலிருந்த மஞ்சூரியத் திரைப்பட நிறுவனம் அவரைச் சீனப் பெண்ணாகவே உலகுக்குக் காட்டியது. சீன மக்களும் அவ்வாறே நம்பினர். போர் முடிந்ததும் நாட்டுக்குத் துரோகமிழைத்த சீனப் பெண் என அவர் மீது குற்றஞ்சாட்டப்பட்டது. தாம் சீனரல்லர், யப்பானியர் என்பதைக் குடும்பப் பதிவேட்டைக் கொண்டு நிறுவிய பின்னரே 1946 இலே விடுதலை பெற்று யப்பானுக்குச் சென்றார். பிற்காலத்தில் அந்நாட்டின் பாராளுமன்ற மேற்சபை உறுப்பினராகவும் விளங்கி 2014 இலே மறைந்தார். ஷாங்காய்த் திரையின் பொற்குரலெனப் புகழப்பெற்ற ஜோ ஷுவான் இன்னொரு வகை. வளர்ப்புப் பிள்ளையான அவர் தம்மைப் பெற்றோர் யாரென்று அறியாமலே 1957 இலே காலமானார்.

ஒற்றுமை வெளிப்படை, வேற்றுமையே கூடுதலாகக் கற்பிக்கின்றது. லீ ஷியாங்லானின் பெயர் ஆதிக்க அரசொன்றின் பிரசாரத்துக்காக மறைக்கப்பட்ட உண்மையின் மேற்போர்வை. ருக்மணிதேவியின் பெயரிலே அத்தகைய மறைப்பு இருக்கவில்லை. அவர் யார் வீட்டுப் பெண் என்பதைக் கொழும்பும் நீர்கொழும்பும் அறிந்தே இருந்தன. அறிந்தும் அதனைப் பொருட்படுத்தவில்லை. முன்னவருடைய பிறப்புத் தெரியவந்தபோது அவருடைய உயிர் தப்பிற்று, புகழ் அந்நாட்டிலே அழிந்தது. பின்னவருடைய பிறப்பு எப்போதும் தெரிந்தேயிருந்தது; புகழுக்கு ஊறு நேரவில்லை. சிங்கள மக்கள் மீது எத்துணைக் குறை கூறுவோரும் இவ்வுண்மையை மறுத்தல் இயலாது. ஆனால் அவ்வேற்புக்கு ஒரு நிபந்தனையும் இருந்தது என்பதைச் சொல்லாமல் விடுதலும் இயலாது. இராசம்மா முற்றாக ருக்மணிதேவியாக மாறிய பின்னரே அவ்வன்பு கிடைத்தது. மாறாதிருந்தவர்க்கு அது எந்த அளவு கிடைத்தது என்பதைப் பின்வந்த ஆண்டுகள் காட்டின.

தமிழர் அவரை மறந்தமைக்கும் காரணம் உண்டு. தமிழிலே படைக்கப்படாதது தமிழருடையதாகாது என்ற அளவுகோல் இலக்கியத்துக்குப் பொருந்தலாம். பலர் கூடிச் செய்யும் கலையாகிய சினிமாவுக்குப் பொருந்தாது. நாயகம் கந்தானையிலே ஸ்ரீ முருகன் நவகலா கலையகத்தை அமைத்தார். கே. குணரத்தினம் தயாரித்த ‘சுஜாதா’வை 1953 இலே நெறிப்படுத்தியவர் டி. சோமசேகரன். நாகர்கோவிலிலிருந்து வந்த ஆர். முத்துசாமி இந்நாட்டிலேயே தங்கிச் சிங்களத் திரையிசையின் முன்னணி இசையமைப்பாளருள் ஒருவரானார். இவர்கள் உழைப்பைச் சிங்கள வரலாறும் முழுமையாகச் சொல்லவில்லை. தமிழ் வரலாறும் சொல்லவில்லை. மறுதிசையில் நிகழ்ந்த பயணங்களும் உள. தர்மசேன பத்திராஜ 1977 இலே யாழ்ப்பாணத்துக்கு வந்து காவலூர் இராசதுரையின் கதைவசனத்தோடு ‘பொன்மணி’யை எடுத்தார். சிங்கள நெறியாளர் ஒருவர் தமிழ்ச் சமூகத்தின் சாதியையும் சீதனத்தையும் கூர்ந்து நோக்கிய அப்படத்துக்கு யாழ்ப்பாண இரசிகர் அளித்த வரவேற்பு குளிர்ச்சியானதே. இரு பக்கத்துக் கணக்கையும் ஒரே ஏட்டிலே எழுதினாலன்றி இலங்கைச் சினிமாவின் வரலாறு நிறைவுறாது.

1983 யூலையிலே கலவரக்காரர் ஹெந்தளையிலிருந்த குணரத்தினத்தின் விஜயா கலையகத்துக்குத் தீயிட்டனர். அங்கே சேமிக்கப்பட்டிருந்த படச்சுருள்கள் எரிந்தன. அவற்றுட் பெரும்பாலானவை சிங்களப் படங்களின் மூலப்பிரதிகள். அதே நாட்களிலே, தமிழராகப் பிறந்து சிங்களப் படங்களை நெறிப்படுத்திவந்த கே. வெங்கட் தெருவிலே கும்பலொன்றாற் கொல்லப்பட்டார். குணரத்தினம் 1989 இலே சுட்டுக்கொல்லப்பட்டார். ருக்மணிதேவியை நீர்கொழும்பிலே அடக்கஞ் செய்து, விஜயா கலையகம் எரிந்த நாளிலே, ஐந்தாண்டு கூட நிறைந்திருக்கவில்லை.